விஷ்ணுபூரின் சுடுமண் கோயில்கள்

விடுமுறை கிடைத்தவுடன் பாஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊர் நோக்கிப் புறப்படுவது கரக்பூர் வாழ் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. பெற்றோரையும் குலதெய்வத்தையும் காணாமல் இருக்க முடியுமா? ஆயினும், நமக்குச் சோறிடும் இம்மண்ணிலேயே, ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஓர் ஆலய நகரத்தை நம்மில் பலர் இன்னும் கண்டதில்லை. நம் குழந்தைகளோ இங்கேயே பிறந்து வளர்கிறவர்கள். தாங்கள் வளரும் நாட்டின் பெருமையை அவர்கள் அறியவேண்டாமா?

அந்நகரம், பாங்குரா ஜில்லாவைச் சேர்ந்த விஷ்ணுபூர். ஆத்ரா மார்க்கத்தில் கசாய் நதியைக் கடந்து, மேதினிப்பூர், சால்பனி, கர்பேத்தா வழியாக வண்டி செல்கிறது. வழியெங்கும் செம்மண் நிலமும் சால் மரக் காடுகளும் கண்ணுக்கு விருந்தாகும்.

விஷ்ணுபூர், மல்ல மன்னர்களின் தலைநகராக விளங்கியது. கி.பி. 694 முதல் கணக்கிடப்படும் தனிச் சகாப்தமே அவர்களுக்கு இருந்தது. அவ்வரசர்களுள் ஒருவரான வீர ஹம்பீரர், பிருந்தாவனத்திலிருந்து வந்த வைணவச் சுவடிகளைத் தம் ஆட்கள் கொள்ளையிட, அவற்றைத் தேடி வந்த ஸ்ரீநிவாச ஆசாரியருக்கே சீடரானார் என்பது வைணவ மரபு. அதன்பின் எழுந்தவையே இவ்வூரின் புகழ்பெற்ற ஆலயங்கள்.

நம்மவர் கோயில் என்றால் கருங்கல்லையே நினைப்போம். வங்கத்துச் சமவெளியில் அத்தகைய கல்லுக்குப் பஞ்சம், களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. இங்கே வெட்டியெடுக்கப்படும் செம்புறைக்கல்லோ நுண்ணிய சிற்பத்துக்கு இடங்கொடாது. எனவே, ஈரக் களிமண்ணில் உருவங்களைச் செதுக்கி, சூளையில் சுட்டு, அவற்றைச் சுவரில் பதித்தார்கள். கூரைக்கும் அயலாரிடம் மாதிரி தேடவில்லை. மழைநீர் வழிந்தோட வங்கக் குடியானவன் தன் குடிசைக்குப் போடும் வளைந்த கூரையையே இறைவனுக்கும் அமைத்தார்கள். கையிலிருந்த மண்ணைக் கொண்டே இவ்வளவு செய்தார்களே என்பதுதான் எனக்கு வியப்பு.

முதலில் காணவேண்டியது ராஸமஞ்சம். கி.பி. 1600 வாக்கில் வீர ஹம்பீரர் கட்டியது. செம்புறைக்கல் மேடையின்மீது, வளைவு வாயில்கள் சூழ, பிரமிடு போன்ற கூரையுடன் நிற்கிறது. ராஸ விழாவில் ஊரின் ராதாகிருஷ்ண மூர்த்திகள் அனைத்தும் இங்கே எழுந்தருளும். அவ்வழக்கம் 1932 வரை நடந்தது.

அடுத்தது, 1643இல் ரகுநாத சிங்கர் எழுப்பிய சியாம் ராய் ஆலயம். ஐந்து சிகரங்கள் கொண்டது. உள்ளும் புறமும் சிற்பமில்லாத இடம் காண்பது அரிது. ராஸ மண்டலத்தை வட்ட வடிவில் காட்டும் பலகையின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் தகும். அவரே 1655இல் கட்டிய ஜோர் பாங்ளா, இரண்டு குடிசைகளை இணைத்து வைத்தாற்போன்ற தோற்றமுடையது. அம்புப் படுக்கையில் பீஷ்மர், வேட்டைக் காட்சிகள், போர்க் கப்பல்கள் யாவும் அதன் சுவர்களில் உள்ளன.

"அப்பா, சுவாமி எங்கே?" என்று என் மகள் சியாம் ராய் ஆலயத்தில் கேட்டாள். அங்கே மூர்த்தி இல்லை. இவ்வினாவுக்கு விடை கூற அவளை மதனமோகன் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். மல்ல சகாப்தம் 1000இல், அதாவது கி.பி. 1694இல், துர்ஜன சிங்கர் கட்டிய அக்கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. 1742இல் மராட்டியப் படை வந்தபோது, மதனமோகனரே தலமாதல் என்னும் பீரங்கியை வெடித்து ஊரைக் காத்தார் என்பது ஐதிகம். ஏறக்குறைய பன்னிரண்டரை அடி நீளமுள்ள அவ்விரும்புப் பீரங்கியை இன்றும் காணலாம். ஊரைக் காத்த அம்மூர்த்தியையே, பிற்காலத்தில் வறுமையுற்ற சைதன்ய சிங்கர் கல்கத்தாவின் கோகுல மித்திரரிடம் அடகு வைக்க நேர்ந்தது என்பர். பாக்பஜார் ஆலயத்தில் அம்மூர்த்தி விளங்குகிறது. சாமியும் ஊர்விட்டு ஊர் சென்றதைக் கேட்ட என் மகள் சற்று நேரம் பேசவில்லை.

இவ்வாலயங்களைத் தொல்பொருள் ஆய்வுத் துறை பாதுகாத்து வருகிறது. 1998இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இவை இடம்பெற்றன. எனினும் சுடுமண் கருங்கல் அன்று. மழையும் பாசியும் அரிப்பது போதாதென்று, சாய்ந்து படம் எடுப்போரின் தோள்களும் தடவிப் பார்ப்போரின் விரல்களும் அதைத் தேய்க்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் கையால் தொடாமல் கண்ணால் காணக் கற்பிக்கவேண்டும்.

இதிகாசக் காட்சிகளை முந்தானையில் நெய்த பாலுசரிப் பட்டும், தசாவதாரம் தீட்டிய வட்டச் சீட்டுகளும் இவ்வூரின் கைவண்ணங்கள். துருபத் இசையில் விஷ்ணுபூருக்கெனத் தனி மரபே உண்டு. ரவீந்திரநாதருக்கு இசை கற்பித்த யதுபட்டர் இம்மரபினரே.

கோடையில் வெயில் தாங்காது. கார்த்திகை முதல் மாசி வரை உகந்த காலம். கட்டுச்சோறுடன் விடியற்காலை வண்டியில் புறப்பட்டால், முக்கிய ஆலயங்களை ஒரே நாளில் பார்த்து வீடு திரும்பலாம். டிசம்பரில் விஷ்ணுபூர் மேளாவும் நடைபெறும். சங்கத்தின் அடுத்த சுற்றுலாவை அவ்வூருக்கு அமைக்கலாம் என்பது செயற்குழுவினருக்கு அடியேனின் பணிவான வேண்டுகோள்.