மணற்பாறை மேல் மறுபடியும்

ஸ்லிக்ராக் பாதைக்குப் பல வருடங்கள் கழித்து வருபவர் சைக்கிளை இறக்கியதும் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைப்பார். அப்படித் திரும்பி வந்த ஒரு மவுண்டன் பைக்கரும் அதைத்தான் செய்தார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்கு மேலே சாண்ட் ஃப்ளாட்ஸ் பகுதியில் இருக்கும் இந்தப் பாதை அவருடைய இளமைக் காலத்துப் பிரியம். பிறகு வேலை, குழந்தைகள், முழங்கால் வலி என்று காலம் போய்விட்டது.

பாதை என்று பேருக்குத்தான் சொல்கிறோம். பெரும்பாலும் மண் தடமே கிடையாது. சுமார் 17 கிலோமீட்டர் சுற்றில் ஏறக்குறைய எல்லாமே வெறும் பாறை. ஜுராசிக் காலத்துப் பாலைவன மணல்மேடுகள் இறுகி இந்த நவாஹோ மணற்பாறை ஆயின. காற்றும் மழையும் அந்தப் பாறையை வளைவு வளைவாக அரித்திருப்பதால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், சமதளம் அபூர்வம். பாறையில் தீட்டியிருக்கும் வெள்ளைக் கோடுகள்தாம் வழி. 1969இல் டிக் வில்சன் என்பவர் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக இதை வகுத்தார். சைக்கிள்கள் பின்னால் வந்தன.

சைக்கிள் வந்த நேரம் ஊருக்கும் தேவையான நேரம். 1952இல் சார்லி ஸ்டீன் இப்பகுதியில் பெரும் யுரேனியப் படிவைக் கண்டுபிடித்ததும் மோவாப் சுரங்க ஊராகப் பெருத்தது. 1980களின் தொடக்கத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 1983இல் குரோஃப் சகோதரர்கள் அங்கே ரிம் சைக்கிளரி என்ற கடையைத் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் உலகமெங்கும் இருந்து மவுண்டன் பைக்கர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர் நேரே பெரிய சுற்றுக்குப் போகவில்லை. முதலில் சிறிய பயிற்சிச் சுற்று. நல்ல முடிவு. குதிரை லாடம் வழுக்கும் இந்தக் கல்லில் ரப்பர் பல்லிபோல ஒட்டிக்கொள்ளும். மூளைக்கு அது தெரியும். கால்கள் நம்பத்தான் நேரம் பிடிக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் சிறிய கியருக்கு மாறி, இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். நடுவில் நிமிர்ந்தால் முன்சக்கரம் எழும்பிவிடும். இறக்கத்தில் உடம்பு பின்னால் போக வேண்டும். அன்று அவரிடம் இருந்தது 26 அங்குலச் சக்கரம். இன்று 29 அங்குலம், ஓட்டிக்கொண்டே இருக்கையைத் தாழ்த்தும் வசதியும் உண்டு. வண்டி முன்னேறியிருக்கிறது. மூச்சு வாங்குவது மட்டும் கூடியிருக்கிறது.

பெரிய சுற்றில், பாறை விளிம்பிலிருந்து கீழே கொலராடோ ஆறு தெரிந்தது. மறுபுறம், 3,800 மீட்டரைத் தாண்டும் லா சால் மலைகளில் வசந்தகாலப் பனி இன்னும் கரையவில்லை. எல்லாம் அவர் நினைவில் வைத்திருந்தபடியே இருந்தன.

ஆனால் பாறைகளுக்கு இடையிலுள்ள மண் அப்படியில்லை. அங்கங்கே கறுத்து, பொருபொருவென்று இருக்கும் அந்த மேலோடு உயிருள்ளது. சயனோபாக்டீரியா இழைகள் மணலைக் கோத்துப் பிடித்து, காற்றில் பறக்காமல் காக்கின்றன. ஒருமுறை மிதித்து உடைந்தால் தேறப் பல ஆண்டுகள் ஆகும். சில இடங்களில் பல பத்தாண்டுகள். வெள்ளைக் கோட்டை விட்டுக் குறுக்கே பாய்ந்த சக்கரத் தடங்களை அவர் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அவருடைய கோபம் நியாயமானது.

ஆபத்து பெரிய அளவிலும் வந்ததுண்டு. 2020இல் இப்பாதைக்கு அடியிலுள்ள நிலத்தின் சில பகுதிகளை எண்ணெய், எரிவாயுக் குத்தகைக்கு விடும் யோசனை எழுந்தது. உள்ளூரில் கடும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த நிலங்கள் ஏலப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. ஆர்வலர்கள் பேசியதால் கிடைத்த பலன் அது.

போக நினைப்பவர்கள் வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ போங்கள். கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வழியில் தண்ணீர் கிடைக்காது, நிறையக் கொண்டுபோங்கள். பாறையை விட்டு இறங்கத்தான் வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள தடத்தில் மட்டும் செல்லுங்கள், கறுத்த மண்ணில் கால் வைக்காதீர்கள்.