பேரன் வைத்த கவர்னர்



கவர்னர் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் இன்றைய துணைநிலை ஆளுநர். மற்றவர் கடற்கரையில் சிலையாக நிற்கும் துய்ப்ளெக்ஸ். 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னராக இருந்தவர். மூன்றாவதாக ஒரு கவர்னரைச் சென்ற கோடையில் பிரான்சில், துலூஸ் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில் பார்த்தேன். தீப்பெட்டி அளவுதான் இருந்தார்.

என் மகன் குடும்பத்தோடு அங்கே இருக்கிறான். பேரனுக்கு ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் மேல் பைத்தியம். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் போனேன். பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றேன். ஐந்து கிலோவுக்கு மேல் எடை, மேல் விசிறி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம், வயிற்றுக்குள் 26 சி.சி. பெட்ரோல் இஞ்சின். பழைய ஸ்கூட்டர் மாதிரி பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

"தாத்தா, இது மேல ஏற விசிறி வேகமா சுத்தணும்னு நினைக்கிறீங்க இல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இல்லையாம். விசிறி எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும், நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று. இஞ்சின் 11,000 சுற்று ஓடும், பல்சக்கரம் அதைக் குறைத்துக் கொடுக்கும். ஏறுவதும் இறங்குவதும் இறக்கையின் சாய்வை மாற்றித்தான். சாய்வைக் கூட்டினால் காற்று எதிர்க்கும், இஞ்சினுக்குப் பாரம் ஏறும், வேகம் விழப் பார்க்கும். அந்த நேரத்தில் த்ராட்டிலை அளவாகத் திறக்க வேண்டும்.

முன்பு இதற்கு ரிமோட்டிலேயே ஓர் அட்டவணை எழுதி வைத்திருந்தானாம். இவ்வளவு சாய்வுக்கு இவ்வளவு த்ராட்டில் என்று ஐந்து இடத்தில் குறித்தது. நம் ஆபீஸ் சர்க்குலர் போல. காலைக் குளிரில் சரியாக இருக்கும், மதிய வெயிலில் சரிவராது. கவர்னர் அட்டவணையைப் பார்ப்பதில்லை, இஞ்சினையே பார்க்கிறது. சுற்றும் பாகத்தில் ஒரு சிறு காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். ஒவ்வொரு சுற்றையும் எண்ணி, வேகம் குறைந்தால் சர்வோ மோட்டாரைக் கொண்டு த்ராட்டிலைத் திறக்கிறது, கூடினால் மூடுகிறது. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இஞ்சினில் இரண்டு உருண்டைகளைச் சுழலவிட்டுச் செய்த வேலையேதான். பிரெஞ்சில் இதற்கு ரெகுலாத்தேர் என்று பெயர். அங்குள்ள பையன்களோ கவர்னர் என்றே சொல்கிறார்கள்.

கவர்னரைப் பொருத்தி முதல் நாள் பறக்கவிட்டபோது நானும் மகனும் கூட நின்றோம். ஆளுயரத்துக்கு மேலே எழும்பியதும் இஞ்சின் ஊம்... ஊம்... என்று ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் வால் இடமும் வலமுமாக ஆடியது. பேரன் உடனே கீழே இறக்கிவிட்டான்.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"கெயின் ஜாஸ்தி வச்சிட்டேன் தாத்தா. வேகம் கொஞ்சம் குறைஞ்சாலே பலமா திருத்துது. பெட்ரோல் இஞ்சின் உடனே கேக்காது, கொஞ்சம் நேரம் எடுக்கும். முதல்ல சொன்னதை அது செஞ்சு முடிக்கறதுக்குள்ள இது அடுத்ததைச் சொல்லிடுது. இஞ்சின் பாவம், தடுமாறுது."

மகன் என்னைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது வருடத்துக்கு முன் இதே வார்த்தையை அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். "அப்பா, நீங்க ஒண்ணு சொல்லி அதை நான் செய்யறதுக்குள்ள அடுத்ததைச் சொல்லிடறீங்க." ஆபீசில் கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கை. வீட்டுக்கு வந்தால் அவன் கையெழுத்து, அவன் நண்பர்கள், அவன் தலைமுடி என்று எல்லாவற்றிலும் எழுதியது. அவன் நன்றாகத்தான் படித்தான். கிளம்பிப் போனபோது மட்டும் நிம்மதியாகப் போன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு போனில் பேசுவது அம்மாவிடம்தான். நான் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?"

பேரன் கெயினைக் குறைத்தான். மறுபடி எழும்பியது. இந்த முறை இஞ்சின் ஒரே சுருதியில் நின்றது. சாய்வைக் கூட்டி மேலே ஏற்றியபோதும் குரல் கொஞ்சம் கனத்ததே தவிர வேகம் மாறவில்லை.

கடைசியாக ஒன்று செய்து காட்டினான். உயரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினான். அந்தப் பொத்தான் கவர்னரையும் விலக்கிவிட்டு இஞ்சினை அடங்கிய ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுமாம். விசிறி மட்டும் இறங்கும்போது கீழிருந்து மேலே வரும் காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்க, ஹெலிகாப்டர் கீழே வந்தது. "மெதுவாப்பா, பாத்து!" என்று தொண்டை வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். புல்லில் பூப்போல உட்கார்ந்தது.

"நல்லா இறக்கினான் இல்ல?" என்று மகனிடம் மட்டும் கேட்டேன்.

"நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு நினைச்சேன்பா" என்றான். சிரித்தான்.

ஊர் திரும்பிப் பல மாதம் ஆகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் என்னிடமும் பத்து நிமிடம் பேசுகிறான். பெரும்பாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.