பொடி எழுத்துக்காரர்கள்

பாட்டு கேசட் வாங்கினால் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். முன்பக்கத்தில்தான் பாடகர் பெயர் முழ நீளத்துக்கு இருக்குமே! எனக்கு வேண்டியது பின்னால், எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருக்கும் பெயர்கள். டிரம்ஸ் யார், பேஸ் கிடார் யார், எந்த ஊரில் பதிவு செய்தார்கள்... 'நீ பாட்டுக் கேக்குறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?' என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள்.

இங்கிலீஷ் ஆல்பங்களில் அப்படி அடிக்கடி கண்ணில் பட்ட ஒரு பெயர், மஸல் ஷோல்ஸ்.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில், டென்னஸி ஆற்றங்கரையில் இருக்கிற குட்டி ஊர் அது. சுற்றுவட்டாரத்து ஊர்களையும் சேர்த்தே அந்தப் பெயரால் சொல்வார்கள். ஹெலன் கெல்லர் பிறந்த டஸ்கம்பியா அதில் ஒன்று. அங்கே ரிக் ஹால் என்கிறவர் ஃபேம் என்றொரு ஸ்டூடியோ நடத்தினார். 1967 ஜனவரியில் அரீத்தா ஃபிராங்க்ளின் அங்கே வந்து பாடிய ஒரே ஒரு பாட்டு, அவர் தலையெழுத்தையே மாற்றியது.

ஃபேமில் வாசித்துக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர்: கீபோர்டு பாரி பெக்கெட், டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ், பேஸ் கிடார் டேவிட் ஹுட், கிடார் ஜிம்மி ஜான்சன். நாலு பேரும் வெள்ளைக்காரர்கள். பாட வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். இதிலென்ன விசேஷம் என்கிறீர்களா? இது எந்த மாநிலம் என்று யோசியுங்கள். 1963-ல் இரண்டு கறுப்பு மாணவர்கள் யுனிவர்சிட்டியில் சேர வந்தபோது, கவர்னரே வாசலில் போய் நின்று மறித்த மாநிலம். அங்கே ஒரு அறைக்குள் மட்டும், ஒருத்தர் மூச்சு வாங்குவதை இன்னொருத்தர் கவனித்து, அதற்கேற்ப அடித்தார்கள், மீட்டினார்கள்.

1969-ல் இந்த நாலு பேரும் ஃபேமை விட்டு வெளியே வந்தார்கள். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் ஜெர்ரி வெக்ஸ்லர் பண உதவி செய்தார். பக்கத்து ஷெஃபீல்டில், 3614 ஜாக்ஸன் ஹைவே என்ற முகவரியில் ஒரு கட்டடம் கிடைத்தது. முன்பு சவப்பெட்டி விற்ற இடம்! நாள் கணக்கில், மணிக் கணக்கில் கூலிக்கு வாசிக்கிறவர்களே ஒரு ஸ்டூடியோவுக்கு முதலாளிகள் ஆவது அந்தத் தொழிலில் அபூர்வம். ஷெர் அங்கே பதிவு செய்த ஆல்பத்துக்கு அந்த முகவரியையே பெயராக வைத்தார்கள். விற்பனை சுமார்தான்.

ஆனால், அதே வருடம் டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்து இறங்கினார்கள். மூன்று நாள், மூன்று பாட்டு. அதில் இரண்டு, 'பிரௌன் ஷுகர்', 'வைல்ட் ஹார்ஸஸ்'. லண்டனில் இல்லாத ஸ்டூடியோவா? எல்லாரும் தேடி வந்தது அந்த ஊரின் சத்தத்தை.

பால் சைமன் கதை இன்னும் ருசி. 1972-ல் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவின் 'ஐ'ல் டேக் யூ தேர்' அமெரிக்காவில் நம்பர் ஒன். ஜமைக்கா வாடை வீசும் தாளம். சைமன் அதைக் கேட்டு மயங்கி, அதைத் தயாரித்த அல் பெல்லுக்குப் போன் போட்டாராம். 'அதுல வாசிச்ச கறுப்பு ஆளுங்க எனக்கு வேணுமே!' 'தாராளமா... ஆனா அவங்க கொஞ்சம் வெளுப்பா இருப்பாங்க, பரவாயில்லையா?' என்றாராம் பெல். ஆக, காதுக்குத் தோல் நிறம் தெரியாது. சைமன் கிளம்பிப் போய், 1973-ல் வெளிவந்த 'கோடாக்ரோம்' பாட்டை அங்கேதான் பதிவு செய்தார்.

லின்யர்ட் ஸ்கின்யர்ட் என்ற ராக் குழு பிரபலமாகும் முன் இங்கே வந்து பாட்டுகள் பதிவு செய்தது. ஜிம்மி ஜான்சன்தான் கூட இருந்து உதவினார். அந்த டேப்பை எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. பின்னால் பெயர் வாங்கியதும் அவர்கள் மறக்கவில்லை. 1974-ல் வந்த 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வில் இந்த நால்வரையும், 'ஸ்வாம்பர்ஸ்' என்ற அவர்களுடைய பட்டப்பெயரைச் சொல்லியே பாடினார்கள்.

1978-ல் நால்வரும் பெரிய கட்டடத்துக்கு மாறினார்கள். 1985-ல் அதை விற்றார்கள். பழைய 3614, 2013-ல் வந்த ஓர் ஆவணப்படத்துக்குப் பிறகு மறுபடி கவனம் பெற்று, பழையபடி சீரமைக்கப்பட்டு, 2017-ல் மியூசியமாகத் திறந்தது. பெக்கெட் 2009-லும், ஜான்சன் 2019-லும், ஹாக்கின்ஸ் 2021-லும் காலமானார்கள்.

பால் சைமனை மயக்கிய அந்தப் பாட்டு கிடைத்தால் கேளுங்கள். நடுவில் மாவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பாடுவதைக் கொஞ்சம் நிறுத்தி, 'டேவிட்' என்று செல்லமாகக் கூப்பிடுவார். பேஸ் கிடார்க்காரர் டேவிட் ஹுட்டைத்தான். உடனே அந்தக் கனத்த தந்தி முன்னால் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டு, மறுபடி தன் இடத்துக்குப் போய்விடும். சில விநாடிதான். அந்த இடம் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். கூலிக்கு வாசிக்கிற ஒரு மனிதரை, ஒரு நம்பர் ஒன் பாட்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவது தினமும் நடக்கிற காரியமா என்ன?