சீதாவைக் கேட்டவர் யார்?

மணமான பெண்ணின் முதற்காதலைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்களுள், ஸ்ரீதர் எழுதி இயக்கி 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்துக்குத் தனியிடம் உண்டு. ஏறக்குறையக் கதை முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கின்றது. புற்றுநோயுற்ற கணவன் வேணுவுடன் (முத்துராமன்) அங்கு வருகிறாள் சீதா (தேவிகா). சிகிச்சை செய்ய வேண்டிய வைத்தியர் முரளியோ (கல்யாண்குமார்) ஒரு காலத்தில் அவளைக் காதலித்தவர். உண்மையை அறிந்த வேணு, தான் இறந்தபின் அவரையே மணந்துகொள்ளுமாறு மனைவியிடம் வேண்டுகிறான். அவள் கொதித்தெழுந்து மறுக்கிறாள். வைத்தியர் அல்லும் பகலும் உழைத்து நோயாளியைப் பிழைக்க வைத்து, தாம் உயிர் துறக்கிறார்.

இரத்தோட்டையில் மழை விடாது பெய்த ஓர் இரவில், நாங்கள் இப்படத்தை வீட்டில் இருந்தவாறே பார்த்தோம். வேணுவின் வேண்டுகோளைக் கேட்டு என் தாயார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகளுக்கோ சினம் பொங்கியது.

“இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க அவள் என்ன காணித்துண்டா, அப்பா? அவள் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லையே!”

“சாகப் போகிறவன் வேறென்ன சொல்வான், பிள்ளை?” என்றார் தாயார்.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. வேணுவின் அன்பு பொய்யன்று. ஆயினும் அது கேள்வியாக வரவில்லை, ஏற்பாடாகவே வருகின்றது. ஸ்ரீதர் இதனை உணராதவர் அல்லர் என்பது என் எண்ணம். வைத்தியரின் மரணத்தைக் காட்டிலும் சீதாவின் மறுப்பே எனக்குப் படத்தின் உச்சக்கட்டமாகத் தோன்றுகின்றது.

மறு ஆண்டே, 1963இல், நம் நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதே பொருளை வேறு விதமாகக் கையாண்டார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய ‘கம்பெரலிய’ என்னும் சிங்களப் படம் அது. 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதும் பெற்றது. தென்னிலங்கைப் பெரிய வீட்டுப் பெண் நந்தா, ஆங்கிலம் கற்பிக்க வந்த பியலை விரும்புகிறாள். குலப்பெருமை குறுக்கிடவே, ஜினதாசவுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவன் வியாபாரம் நொடித்து ஊரைவிட்டே போய்விடுகிறான். நெடுங்காலத்தின் பின் பியலை மணக்கிறாள்; அம்மணத்திலும் முதற்கணவனின் நிழல் விழுகின்றது. இங்கே தியாக முழக்கம் இல்லை. பெண்ணைக் கேளாது பெரியவர்கள் செய்த முடிவு எத்துணைக் காலம் நீள்கின்றது என்பதே காட்டப்படுகின்றது.

இவற்றை நான் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. மகளுக்கு மாத்தளையிலிருந்து நல்லதொரு சம்பந்தம் வந்திருக்கின்றது. பொருத்தம் பார்க்கச் சாதகத்தைக் கொடுத்தனுப்ப வேண்டுமெனத் தாயார் அவசரப்படுகிறார். நான் முதலில் மகளை அழைத்து, மனத்தில் எவரேனும் உண்டா என்று கேட்டேன். அவள் உடனே விடை கூறவில்லை. ஞாயிறு வரை தவணை கேட்டாள். சாதகம் இன்னும் சாமியறையிலேதான் இருக்கின்றது.