நிற்காமல் பிரேக் போடுவது

தாராவி 90 அடி ரோட்டில், தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே, ஒற்றை ஷட்டர் அகலத்தில் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். கார் முழுதாக உள்ளே போகாது. மூக்கு ஷட்டருக்குள், வால் ரோட்டில். என் ஸ்விஃப்டின் முன் டிஸ்க்குகள், அவற்றின் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கும் கீழே தேய்ந்துவிட்டன. எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்று, கோடு வெட்டிய பெர்ஃபார்மன்ஸ் டிஸ்க்கும் அதற்கேற்ற பேடும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

பெட்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக், திருநெல்வேலிக்காரர், சிரித்தார். "சயான் சிக்னல்ல நிக்கதுக்கு இது எதுக்கு அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. மும்பை நெரிசலில் பிரேக்கை ஓயாமல் மிதித்தாலும் வேகம் இல்லாததால் பெரிதாகச் சுடாது. வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதும் கடைசியில் டயரின் பிடிப்பைப் பொறுத்தது. இந்த டிஸ்க்கின் வேலை சூட்டைத் தாங்குவது. 1953-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்ததற்கும் அதுதான் பெரிய காரணம்: மற்றவர்களின் டிரம் பிரேக் சூடேறித் தளர, இது தளரவில்லை. எனக்குக் கவலை கண்டாலா மலை இறக்கம். அங்கே பெடல் ஒருமாதிரி மெத்தென்று இறங்கும்.

"அது டிஸ்க் இல்ல, பிரேக் ஆயிலு" என்றார் உடனே. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மெத்து. பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றாமல் வேலையைத் தொட மாட்டேன் என்றார். எனக்கென்னவோ அன்று செலவழித்த பணத்தில் அதுதான் உருப்படியான செலவு.

ஜாக் ஏற்றும் முன்பே வீல் நட்டுகளை இளக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் போச்சு. பழைய டிஸ்க் சுத்தியலுக்கு மசிந்து வந்தது. புதியதை மாட்டுவார் என்று பார்த்தால், கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஹப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கூடமாட உதவிய பையனுக்கே பொறுமை போயிற்று. "லேய், இங்க ஒரு துரும்பு துரு இருந்தா ஓரத்துல ஆட்டமா வரும்." டிஸ்க்கை மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் நின்ற பிறகுதான் முகம் தெளிந்தது. 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்று கடைகளில் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் இந்த ஆட்டமும், பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியதும்தான்.

துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை கிளீனர் அடித்துத் துடைத்தார். காலிப்பர் பின்னுக்குக் கிரீஸ், புது பேட், பிறகு அளவு ஸ்பானரில் முறுக்கு. வண்டியை அசைக்குமுன் பெடலை மிதிக்கச் சொன்னார். முதல் மிதியில் தரை வரை போனது, நாலைந்து மிதியில் கெட்டியானது.

அடுத்த வேலைக்கு ரோடு வேண்டும். பேடின் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய, ஒரே சீரான படலமாகப் படிய வேண்டும். அதற்குச் சூடேற்ற வேண்டும், ஆனால் சூட்டோடு நிற்கக் கூடாது. நின்றால் பேட் அந்த இடத்தில் அச்சுப் போல் பதிந்துவிடும். சிக்னலே இல்லாத ரோட்டுக்கு தாராவியில் எங்கே போவது? ஞாயிறு விடிகாலை ஈஸ்டர்ன் ஃப்ரீவே என்று முடிவாயிற்று. 2013-இல் பெரும்பகுதி திறந்தது, மொத்தம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர், நடுவே சிக்னல் கிடையாது.

காலையில் பார்த்தால் டிஸ்க்கில் செம்பழுப்புப் பூச்சு. ஒரு ராத்திரிக் கடற்காற்றுக்கே அந்தத் துரு. செம்பூர் சேர்வதற்குள் பேட் அதைத் துடைத்துவிட்டது. ஃப்ரீவேயில் அவரே ஓட்டினார். சுரங்கம் தாண்டும்வரை ஒன்றும் செய்யவில்லை. பிறகு 60-லிருந்து 20 வரை அழுத்தமாக, நிற்காமல். மறுபடி வேகமெடுத்து, மறுபடி. கண்ணாடியில் பின்வண்டி வெளிச்சம் தெரிந்தால் அந்த முறையை விட்டுவிடுவார். பொதுச் சாலையில் இந்தக் கட்டுப்பாடு இல்லாதவர் இதைச் செய்யவே கூடாது. எட்டு, பத்து முறைக்குள் கருகல் வாசனை வந்தது. பெடலுக்கும் பிடி வந்திருந்தது.

சிவ்ரி தாண்டியதும் பிரேக்கைத் தொடவில்லை, சும்மா ஓட்டி ஆறவிட்டார். ஆரஞ்ச் கேட் இறக்கத்தில் சிவப்பு விழுந்தபோதும் கியரில் வேகத்தைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தினார். அது பின்சக்கர டிரம்மைத்தான் பிடிக்கும்.

மாட்டுங்காவில் காபிக்கு நிறுத்தியபோது குனிந்து பார்த்தேன். டிஸ்க் முழுக்க ஒரே சாம்பல் நிறம், திட்டு இல்லை. "இன்னைக்கு வாஷிங்குக்குக் கொண்டுபோயிராதீங்க. நூறு கிலோமீட்டர் ஓடினதும் வாங்க, நட்டை ஒருதரம் பாத்துக்கிடுவோம்" என்றார். "பேட் கம்பெனியை மாத்தினா இந்தப் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு மொதல்லேருந்து இதே கூத்துதான், சொல்லிட்டேன்."