இறுகப் பிடித்தால் வட்டம் கெடும்

நாம் கடைசல் தொழில் பழகியது, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்தில். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. புதிய உதிரிப்பாகங்களும் இல்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தேய்ந்ததைத் தேற்றி மீண்டும் ஓடவைப்பதே பட்டறைகளின் பணியாயிற்று.

உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தமது இயந்திரத்தைக் கொண்டுவந்தார். சிலிண்டர் தேய்ந்து, அமுக்கம் குறைந்திருந்தது. வெங்காயம் நட்டு மூன்று வாரம். செம்மண் தரை நீரின்றித் தாங்காது. புதிய சிலிண்டர் உறை கிடைக்காமையால், பழைய வார்ப்பிரும்புத் துண்டொன்றிலிருந்து மெல்லிய உறையொன்றைக் கடைந்தோம்.

அவசரத்தில், மூன்று தாடைப் பிடியில் அதனை இறுக்கி ஆழமாக வெட்டினோம். பிடியில் இருந்தபடியே, சூடு ஆறுமுன் அளந்தோம். வட்டம் சரியாக இருந்தது. கழற்றிய பின் அளக்கவில்லை. தவறு அங்கேதான் நிகழ்ந்தது. தாடைகளின் அழுத்தத்தில் மெல்லிய உறை உள்வாங்கி நிற்கும். அந்நிலையில் வட்டமாகக் கடைந்தால், விடுவித்ததும் தாடை அழுத்திய மூன்று இடங்களிலும் துளை அகன்றுவிடும். வெப்பமும் ஏமாற்றும். 100 மி.மீ. குறுக்களவுள்ள வார்ப்பிரும்பு 30 பாகை செல்சியஸ் சூடேறினால், ஏறத்தாழ 0.03 மி.மீ. விரிந்து நிற்கும்.

நான்காம் நாள் இயந்திரம் புகைத்து, இறுகி நின்றது. பாதித் தோட்டம் வாடியது. அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை.

"தம்பியவை, அவசரப்படுத்தினது நான்தானே" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது.

இரண்டாம் முறை, வேண்டிய அளவுக்குமேல் ஒரு மில்லிமீற்றர் மிச்சம்விட்டுக் கடைந்து, கழற்றி, இரவு முழுவதும் ஆறவிட்டோம். காலையில், ஒருபுறம் பிளந்த வளையமொன்றை உறைக்குச் சுற்றிலும் அணிவித்து, பிடியின் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவச் செய்தோம். மெல்லிய வெட்டுகளே கொடுத்தோம். இறுதி உட்கடைசலை, உறையைச் சிலிண்டரினுள் அழுத்திப் பொருத்திய பின்னரே செய்தோம். பொருத்தும்போதும் உறை சுருங்கும் அல்லவா? எஞ்சிய பாதித் தோட்டம் பிழைத்தது.

1995 ஒக்ரோபர் இறுதியில் இடம்பெயர்ந்தபோது, கடைசல் இயந்திரத்துக்குக் கிறீஸ் பூசி, சாக்கால் மூடிவிட்டு வந்தோம். பின்னர் புகலிட நாட்டில் இயந்திரம் திருத்தும் தொழிலகமொன்றில் வேலை கிடைத்தது. அங்கே சிலிண்டரின் உட்புறத்தைத் தீட்டுமுன், அதன்மேல் கனத்த தட்டொன்றை ஆணிகளால் முறுக்கினார்கள். தலைப்பகுதியைப் பூட்டும்போது சிலிண்டர் எவ்வாறு நெளியுமோ, அவ்வாறே நெளியவைத்துத் தீட்டினால், ஓடும் வேளையில் வட்டமாக நிற்கும் என்பது அதன் காரணம். நாம் வெங்காயத் தோட்டத்தை இழந்து கற்ற பாடத்தின் மறுபாதி அது.

இத்தொழில் பயிலும் எமது பிள்ளைகளுக்கு நாம் கூறுவது இதுவே: அளவுக்கு மிஞ்சி இறுக்காதீர்கள். ஆறவிடுங்கள். கழற்றிய பின் மீண்டும் ஒருமுறை அளவுங்கள். வாசலில் ஒருவர் அவசரத்தோடு காத்து நின்றால், அவருக்காகவே மறவாமல் அளவுங்கள்.