தூர் வாரும் பருவம்

ஆவணி பிறந்தது முதல் புரட்டாசி முடிகிற வரையில் சென்னை நகரத்துத் தெருக்களில் ஒரு காரியம் நடைபெறும். நடைபாதை ஓரமாக வரிசையாய்ப் பதித்திருக்கும் காங்கிரீட் மூடிகளைக் கடப்பாரையால் நெம்பி விலக்கி, உள்ளே ஒரு வருஷமாகப் படிந்து கிடக்கும் வண்டலை வாரி மேலே கொட்டுவார்கள். அந்த வழியே போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சற்று விலகி நடப்பதும், கடைக்காரர்கள் தங்கள் வாசலில் குவித்ததை எப்போது அள்ளிக்கொண்டு போவீர்கள் என்று அதட்டிக் கேட்பதும் வழக்கம். ஆனால், ஒரு நகர பரிபாலனத்தின் யோக்கியதையை அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள், புதிதாகத் திறந்த மேம்பாலத்தின் மேல் ஏறி நின்று பார்ப்பதைக் காட்டிலும், புரட்டாசி மாதத்தில் இந்த மூடிகளின் அருகே சிறிது நேரம் நின்று பார்ப்பதே மேல் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இந்த ஊரின் பூமி அப்படிப்பட்டது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே பரந்து கிடக்கும் சமதரை. நீர் தானாக ஓடிப்போய்ச் சேருவதற்கு வேண்டிய சரிவை இயற்கை மிகவும் சொற்பமாகவே அளித்திருக்கிறது. வருஷத்தில் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவக் காற்றோடு வந்து, அதிலும் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தெருவில் விழுந்த நீர் தெருவோர வடிகாலில் இறங்கி, அங்கிருந்து பெரிய கால்வாய்க்குப் போய், ஓட்டேரி நல்லாவிலோ, பக்கிங்ஹாம் கால்வாயிலோ, கூவத்திலோ, அடையாற்றிலோ கலந்து, முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டிராத பட்சத்தில் கடலைச் சேரவேண்டும். ஒரு தெருவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வடிகாலின் அடித்தளம் தாழ்கிற அளவே சில அங்குலந்தான் என்கிறபோது, நடுவில் ஓர் இடத்தில் ஒரு சாண் வண்டல் படிந்துவிட்டால், எவ்வளவு ரூபாய் செலவிட்டுக் கட்டிய கால்வாயும் வெறும் தொட்டியாகிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாறு கரைபுரண்டு வந்தபோது நேர்ந்தது வேறு விதமான பேராபத்து. அதைத் தெருக்கால்வாய்களைக் கொண்டு தடுத்திருக்க முடியாது. அத்தகைய வெள்ளத்தைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. இரண்டு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு நீர் நின்று, அதில் சாக்கடையும் கலந்து, வீட்டுக்குள் இருக்கும் முதியவர்கள் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடப்பதைப் பற்றியே பேசுகிறேன். அந்தத் துன்பத்தில் பெரும்பங்கு தவிர்க்கத்தக்கது.

ஒருமுறை எங்கள் பகுதியில் வேலை நடந்துகொண்டிருந்தபோது நெடுநேரம் நின்று கவனித்தேன். மூடிகளைத் திறந்தவுடன் மேலே மிதந்தவை பால் பாக்கெட்டுகளும் தேநீர்க் கோப்பைகளும். அவற்றை விலக்கியதும் கறுத்த சகதி. சகதிக்கு அடியில், வீடு கட்டுகிறவர்கள் தெருவில் குவித்து வைத்து மழையில் கரையவிட்ட மணலும் ஜல்லியும், சிமெண்டுப் பால் வழிந்து கல்லாக இறுகிப்போன பாளமும் கிடந்தன. அந்தப் பாளத்தை உளி வைத்து உடைக்க வேண்டியிருந்தது. அதற்கே அரை நாள் பிடித்தது. வேலை முடிந்த இடத்தில், மேஸ்திரியாக இருந்த பெரியவர் நீளமான மூங்கில் பிளாச்சு ஒன்றை ஒரு திறப்பின் வழியே உள்ளே செலுத்தி, அடுத்த திறப்பில் நின்ற ஆளிடம், “வந்துதா, வந்துதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதற்காக என்று நான் விசாரித்தேன். “மேலேருந்து பாத்தா எல்லாம் வாரின மாதிரிதான் தெரியும் ஐயா. மூங்கிலு அந்தப் பக்கம் வரணும். வந்தாத்தான் வாரினதுன்னு அர்த்தம்” என்றார். பொறியியல் புத்தகம் எதையும் புரட்டாதவர், ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்பதற்குத் தமக்குத் தாமே ஒரு பரீட்சை ஏற்படுத்திக்கொண்டு, யாரும் கேட்காமலே அதை நிறைவேற்றுவதைக் கண்டு எனக்கு அவர்மீது பெரிய மரியாதை உண்டாயிற்று.

இந்த நகரத்தின் பொதுப்பணிகளுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1688-ஆம் ஆண்டிலேயே நகராண்மைக் கழகம் தோன்றிவிட்டது. கோட்டைக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 1772-இல் ஏற்பட்ட ஏழு கிணறு, ஒரு பேட்டையின் பெயராக இன்றும் வழங்குகிறது. 1872-இல் செங்குன்றத்து ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு நீரைக் கொண்டுவந்தார்கள்; ஆனால் அது வடிகட்டப்படாத நீராகவே இருந்தது. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிபடுகைகள் அமைந்த பிறகே சுத்திகரித்த நீர் குழாய்களில் வரலாயிற்று. நகர மேயராக இருந்த சத்தியமூர்த்தி, யுத்தகாலத்தின் இடர்களுக்கு நடுவே அரும்பாடுபட்டுத் தொடங்கிவைத்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிவடைந்தது. அதைக் காண்பதற்கு அவர் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். இவற்றையெல்லாம் நன்றியோடு நினைவு கூர்கிறோம், அது நியாயமே.

ஆனால் கீழ்ப்பாக்கத்து மணல் படுகை எவ்வாறு வேலை செய்தது என்பதைச் சிறிது யோசித்துப் பார்க்கலாம். நீர் மெல்ல மெல்ல மணலின் ஊடே இறங்கும்போது, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களாலான மெல்லிய ஏடு ஒன்று படிகிறது. நோய்க்கிருமிகளைப் பிரதானமாகத் தடுப்பது அந்த ஏடுதான். அதே ஏடு நாளடைவில் தடித்துப்போய் நீரையே இறங்கவொட்டாமல் செய்துவிடும். ஆகையால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை படுகையை வற்றவிட்டு, ஆட்கள் இறங்கி, மேல்மணலை ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனத்துக்குச் சுரண்டி எடுத்து அலசி வைக்கவேண்டும். அந்தச் சுரண்டல் நின்றிருந்தால் மேட்லியின் திட்டம் ஓராண்டுகூட நிலைத்திராது. படுகையை வகுத்தவர் பெயரால் தியாகராய நகரில் ஒரு சாலை இருக்கிறது. அதை வருஷக்கணக்காகச் சுரண்டிப் பாதுகாத்தவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

பழைய தொண்டை நாட்டில் இவ்விதம் இருக்கவில்லை. சென்னைக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் பெரிதும் போற்றுகிறோம். எனக்கோ, அந்தத் தேர்தல் எதற்காக என்பது அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் அடுத்தபடியாக, ஏரியைக் கவனிப்பதற்கென்றே அறுவர் அடங்கிய ஏரி வாரியம் ஒன்றை அவர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அந்தப் பதவிக்கு வரக்கூடாது என்று கல்லிலேயே எழுதிவைத்தார்கள். ஏரியைப் பேணுவதற்கான செலவு யாருடைய தயவையும் எதிர்பார்த்து நில்லாதபடி, அதற்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. கட்டியவனுடைய புகழைச் சொல்லும் கல்லோடு, காப்பாற்றுகிறவனுடைய கடமையையும் வருவாயையும் சொல்லும் கல்லையும் நம் முன்னோர் நட்டுவைத்தார்கள். இன்றைக்குத் திறப்பு விழாவின் பலகைகள் மட்டுமே நிற்கின்றன; எந்த வடிகாலின் அருகிலும், அது கடைசியாகத் தூர் வாரப்பட்டது எப்போது என்று அறிவிக்கும் ஓர் எழுத்தை நான் கண்டதில்லை.

பூமிக்கு மேலே தெரிகிற வடிகாலின் நிலையே இதுவென்றால், பூமிக்குள்ளே மறைந்து கிடக்கும் குழாய்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. விடிவதற்கு முன்னால் தெருமுனையில் ஒரு சிறிய இரும்பு மூடியைத் தூக்கி, குறுக்குப்பிடி வைத்த நீண்ட சாவியை உள்ளே இறக்கி, குடிநீரைத் திறந்துவிடும் தொழிலாளியைப் பலரும் பார்த்திருக்கக்கூடும். அவரோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். “இது பதினாலு சுத்து ஐயா. மூடும்போது கடைசி ரெண்டு சுத்தை மட்டும் நிதானமாத் திருகணும். வேகமாத் திருகினா அந்தக் கோடியிலே இருக்கிற பழைய பைப்பு தாங்காது” என்று அவர் சொன்னார். ஓடிவருகிற நீரைச் சட்டென்று தடுத்தால் அதன் வேகம் முழுவதும் குழாயின் சுவரில் அதிர்ச்சியாக மோதும் என்பது விஞ்ஞானம். எந்தத் தெருவில் எந்தக் குழாய் அந்த அதிர்ச்சிக்கு ஈடுகொடுக்காது என்பது அவருடைய கையில் மட்டும் இருக்கும் ஞானம். ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில், எது எங்கே வளைகிறது, எந்த வால்வு எந்தச் சந்துக்கு உரியது என்பவற்றுள் வரைபடத்தில் ஏறாதவை இன்னும் எத்தனையோ உண்டு. அத்தகைய ஒருவர் ஓய்வு பெறுகிற நாளில், அவருக்கு ஒரு மாலையைப் போட்டு அனுப்பிவிட்டு, அவருடைய ஞாபகத்தையும் கூடவே அனுப்பிவிடுகிறோம். பிறகு ஒப்பந்தத்தில் வந்த புதிய ஆள், குழாயைத் தேடி மூன்று இடத்தில் தோண்டுகிறான். அந்த மூன்று பள்ளங்களுக்கும் அவனைக் கோபித்துப் பயனில்லை.

நகரவாசிக்கோ வேறொரு சிரமம் இருக்கிறது. 1978 முதல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகாலும் உட்தெருவும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. மின்சாரப் பெட்டி மின்வாரியத்தினுடையது. சில பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. தன் வாசலில் தேங்கி நிற்கும் நீர் எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று அதன் நிறத்தையும் நாற்றத்தையும் கொண்டு தீர்மானிக்கவேண்டிய நிலையில் ஒரு குடிமகனை வைப்பது தருமமன்று. 1913 என்ற எண்ணைச் சுழற்றினால் மாநகராட்சி புகாரை எழுதிக்கொள்கிறது. 2011-இல் எல்லை விரிந்து, 15 மண்டலங்களும் 200 வட்டங்களுமாக நகரம் பெருத்த பிறகு, இத்தகைய ஒரு பொது எண் இல்லாவிட்டால் சாதாரண ஜனங்களின் குரல் எங்கும் எட்டியிராது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், வந்த புகாரை முடிப்பது வேறு, புகார் வராதபடி பேணுவது வேறு. முன்னதற்குக் கணக்கு உண்டு. பின்னதற்கும் கணக்கு வேண்டும்.

நம்முடைய பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கார் ஏறுவதற்காக வாசலில் சிமெண்டுச் சரிவு போடும்போது, மழைநீர் இறங்கும் கம்பித் துவாரத்தையும் சேர்த்துப் பூசிவிடுகிறோம். கழிவுநீர் இணைப்புக்கு விண்ணப்பம் போடச் சோம்பி, வீட்டுச் சாக்கடையை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடுகிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலும் மேலும் சாலை போட்டதனால் தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்ட கொடுமையைத் தடுக்க, பழைய மேற்பரப்பை அகற்றிய பிறகே புதிது போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிடவேண்டி வந்தது. அந்த உத்தரவு தங்கள் தெருவில் நிறைவேறுகிறதா என்று, சாலை போடும் இரவில் வெளியே வந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? துணியையும் அணையாடையையும் கழிப்பறையில் போட்டு நீரைத் திறந்துவிடுகிறவர், அது பாதாளச் சாக்கடையில் எங்கோ அடைத்துக்கொள்ளும்போது, அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங் வண்டி வராத இடத்தில் ஒரு மனிதனை உள்ளே இறக்கிவிடும் அபாயத்துக்குத் தாமும் காரணமாகிறார். மனிதரை மலக்குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்துபோகிறவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் விதித்த உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தவேண்டிய அவசியம் நேர்ந்தது என்பதிலிருந்தே, சாவு நிற்கவில்லை என்பது விளங்குகிறது. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது; விஷவாயு அடிக்கும் குழியில் ஒருவன் மூச்சடைத்துச் சாவதற்கு எந்த நகரத்தின் சுத்தமும் ஈடாகாது.

ஆதலால் நான் கேட்பது புதிய திட்டம் ஒன்றுமன்று. ஒவ்வொரு தெருவின் முனையிலும், தெருப்பெயர்ப் பலகைக்குக் கீழே, சிறிய தகடு ஒன்று இருக்கட்டும்: இந்த வடிகால் எந்த ஆண்டில் கட்டியது, எங்கே போய்ச் சேருகிறது, இந்த வருஷம் எந்தத் தேதியில் தூர் வாரப்பட்டது, வாரிய வண்டலை எந்தத் தேதியில் அப்புறப்படுத்தினார்கள் என்ற நான்கு விவரங்கள் போதும். வாரிய வண்டலைக் கால்வாய் ஓரத்திலேயே காயவைத்து, அடுத்த மழையில் அது மறுபடியும் உள்ளே இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு நான்காவது விவரம் எவ்வளவு அவசியம் என்பது தெரியும். வால்வு திறப்பவர் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே, இளம் பொறியாளர் ஒருவரை அவருடன் தெருத்தெருவாக நடக்கவிட்டு, அவர் அறிந்ததையெல்லாம் வரைபடத்தில் ஏற்றவேண்டும். அதற்காக அவருக்குத் தனிச் சம்பளமும் கொடுக்கலாம். மேஸ்திரியின் மூங்கில் பரீட்சையை வட்டத்து உறுப்பினரும் தெருவாசிகள் இருவரும் உடன் நின்று பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பது என்று விதி செய்யலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு திறப்பு விழாவின் பந்தலுக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இராது என்றே நினைக்கிறேன். எங்கள் தெருவில் கையெழுத்திட முதல் ஆளாக நான் வந்து நிற்கச் சித்தமாயிருக்கிறேன்.